ரிப்போர்ட்டட் ஸ்பீச்: பாதிப் பாடம் தமிழ் வகுப்பிலேயே முடிந்துவிட்டது



இந்த முறை ஒரே ஒரு பக்கத்தை விமர்சிக்கப் போகிறேன். அந்தப் பக்கத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் 'டைரக்ட்', வலப்பக்கம் 'இன்டைரக்ட்'. சிம்பிள் பிரசென்ட் வந்தால் சிம்பிள் பாஸ்ட். 'இஸ்' வந்தால் 'வாஸ்'. 'வில்' வந்தால் 'வுட்'. 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே'. பயிற்றிகளில் இருக்கிறது, டியூசன் நோட்டில் இருக்கிறது, புலனக் குழுக்களில் படமாகச் சுற்றுகிறது. நானும் பல ஆண்டுகள் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இது ஊரார் மேல் சொல்லும் குறை அல்ல, முதல் குற்றவாளி நான்தான்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கடைசியில் வரும் 'ஸ்' கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதில் விழுவது முக்கியம்.

அந்த அட்டவணை மேல் எனக்குச் சந்தேகம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காம் படிவ மாணவி ஒருவர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்காரரைப் பேட்டி கண்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி வந்தார். அதில் ஒரு வாக்கியம்: 'தி அங்கிள் செட் தட் ஹி செல்ஸ் ஜாஸ்மின் எவ்ரி டே.' நான் சிவப்புப் பேனாவால் 'செல்ஸ்' மேல் கோடு போட்டு 'சோல்ட்' என்று எழுதினேன். 'செட்' வந்துவிட்டதே, விதி விதிதானே!

அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்டது: "சார், அங்கிள் இன்னைக்கும் மல்லிப்பூ விக்கிறாரு. சோல்ட்னு போட்டா கடையை மூடிட்டாருன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"ரூல் அப்படித்தான்மா" என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அவள் எழுதியது சரி. நான் எழுதியதும் தவறில்லை, ஆனால் நான் கோடு போட்டது தவறு. ஆங்கிலம் இரண்டையுமே ஏற்கும். இன்றும் விற்கிறார் என்று அவள் உறுதியாகச் சொல்ல விரும்பினாள், அதற்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் தேர்வை என் அட்டவணை அழித்துவிட்டது.

மூன்று மொழி, மூன்று தேர்வு, ஒரே பாடம்

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படித்து வரும் ஒரு பிள்ளை, பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் இந்தப் பாடத்தை மூன்று மொழியில் கற்கிறது. தமிழில் நேர்க்கூற்று, அயற்கூற்று. மலாயில் 'சக்காப் அஜுக்', 'சக்காப் பிண்டா'. ஆங்கிலத்தில் டைரக்ட், இன்டைரக்ட். ஆனால் மூன்று ஆசிரியரும் மூன்று தனித்தனிப் பாடம் போலத்தான் நடத்துகிறோம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும், "நீங்க இந்த வாரம் அயற்கூற்றா நடத்துறீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

முருகன், "நான் நாளை இங்கே வருவேன்" என்று கூறினான்.

அயற்கூற்று: தான் மறுநாள் அங்கே வருவதாக முருகன் கூறினான்.

இங்கே என்னென்ன மாறியது? 'நான்' என்பது 'தான்' ஆனது. 'நாளை' மறுநாள் ஆனது. 'இங்கே' அங்கே ஆனது. ஆங்கிலப் பாடத்தில் 'ஐ' என்பது 'ஹி' ஆவதும், 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆவதும், 'ஹியர்' என்பது 'தேர்' ஆவதும் இதேதான். மலாயிலும் இப்படித்தான்: 'சாயா' போய் 'டியா' வரும், 'டி சினி' போய் 'டி சானா' வரும். பேசியவர் நின்ற இடம் வேறு, எடுத்துச் சொல்பவர் நிற்கும் இடம் வேறு. அதனால் ஆளும், நாளும், இடமும் மாறுகின்றன. இதைத் தமிழ்ப்பிள்ளை ஆரம்பப் பள்ளியிலேயே செய்து பழகியிருக்கிறது. ஆங்கில வகுப்பில் இதை மறுபடியும் முதலிலிருந்து, ஏதோ புதிய கண்டுபிடிப்பு போல, அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

புதியது ஒன்றே ஒன்றுதான்: வினையின் காலம் பின்னால் நகர்வது. டென்மார்க் இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வெளியிட்ட நூலில் இதை 'பேக்‌ஷிஃப்டிங்' என்றார். தமிழில் இது கிடையாது. மேலே பாருங்கள்: 'வருவேன்' என்பது 'வருவதாக' ஆனது, 'வந்ததாக' ஆகவில்லை. 'வருகிறேன்' என்று முருகன் சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் 'வருவதாக' என்றுதான் எழுதுவோம். நிகழ்காலமும் எதிர்காலமும் ஒன்றில் கலந்துவிடலாம், ஆனால் முருகன் கூறியது நேற்று என்பதற்காக அவை இறந்தகாலத்துக்கு இறங்காது. மலாயிலோ வினைச்சொல் காலம் காட்டுவதே இல்லை, இறங்க ஒன்றும் இல்லை.

ஆகவே நம் பிள்ளை 'ஹி செட் ஹி இஸ் சிக்' என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. தெரிந்த இரண்டு மொழிகளின் விதியையும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது! அந்தப் பிள்ளையிடம் "பத்து விதி இருக்கு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணு" என்பது ஒரு வழி. "ஒன்பது உனக்குத் தெரியும், இந்த ஒண்ணுதான் புதுசு" என்பது இன்னொரு வழி. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, உனக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்று யாராவது சொல்வது சின்ன விஷயம் இல்லை. 'தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வராது' என்று அந்தப் பிள்ளை வேறு யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

கட்டளை வாக்கியத்தில் இது இன்னும் அழகு. "உட்காருங்கள்" என்று ஆசிரியர் சொன்னதை நாம் எப்படி எடுத்துச் சொல்கிறோம்? 'ஆசிரியர் எங்களை உட்காரச் சொன்னார்.' ஆங்கிலத்தில் 'தி டீச்சர் டோல்ட் அஸ் டு சிட்.' 'உட்கார' என்பதுதான் 'டு சிட்'. நம் செய என்னும் வாய்பாட்டு எச்சமும் அவர்களுடைய 'டு' போட்ட வினையும் இந்த இடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. காலம் நகர்த்தும் கவலையே இங்கே இல்லை. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி வாக்கியத்திலும் தமிழ் கைகொடுக்கும். 'நான் எங்கே போகிறேன் என்று கேட்டான்' என்பதில் சொல் வரிசை புரளவில்லை. ஆங்கிலத்திலும் எடுத்துச் சொல்லும்போது புரளக் கூடாது: 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்.' மாணவர்கள் எழுதுவது 'வேர் வாஸ் ஐ கோயிங்'. நேர்க்கேள்வியில் துணைவினையை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று நாம் பழக்கிய பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொள்கிறது. "தமிழில் சொல்ற மாதிரியே வரிசையா விடு" என்றால் போதும். 'வருவாயா' என்பதில் இருக்கும் 'ஆ' தான் 'இஃப்' என்றும் 'வெதர்' என்றும் வருகிறது.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரிவிடும். 'சொல்' என்ற நம் ஒரு வினைக்கு அங்கே 'சே', 'டெல்' என்று இரண்டு. 'அவன் என்னிடம் சொன்னான்' என்பதை அப்படியே மாற்றினால் 'ஹி செட் மி' வரும், மதிப்பெண் போகும். யாரிடம் சொன்னான் என்பது உடனே பின்னால் வந்தால் 'டோல்ட்', வராவிட்டால் 'செட்'. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

சிம்பிள் பிரசென்ட் என்பது 'இப்போது' அல்ல

இனி அட்டவணையின் முதல் வரிக்கு வருவோம். 'சிம்பிள் பிரசென்ட் சிம்பிள் பாஸ்ட் ஆகும்.' இந்த வரியில்தான் பெரிய சிக்கல். ஏனென்றால் சிம்பிள் பிரசென்ட் என்றால் என்ன என்பதையே நாம் சரியாகச் சொல்லித் தரவில்லை.

நாம் அதைச் 'சாதாரண நிகழ்காலம்' என்று மொழிபெயர்த்துவிட்டோம். நிகழ்காலம் என்றதும் பிள்ளைக்கு 'இப்போது நடப்பது' என்று தோன்றும். 'நான் சாப்பிடுகிறேன்' என்று தட்டின் முன் உட்கார்ந்து சொல்வதும், 'நான் தினமும் இட்லி சாப்பிடுகிறேன்' என்று சொல்வதும் தமிழில் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் முதலாவது 'ஐ ஆம் ஈட்டிங்', இரண்டாவதுதான் 'ஐ ஈட்'. சிம்பிள் பிரசென்டின் முக்கிய வேலை வழக்கத்தையும், நிலையான உண்மையையும், கால அட்டவணையையும் சொல்வது. கண்முன் நடப்பதைச் சொல்வது அதற்கு அபூர்வம், கால்பந்து வர்ணனை போன்ற இடங்களில்தான்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வழக்கத்தைச் சொல்ல நாம் வீட்டில் எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறோம்? 'அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பாரு.' 'பாட்டி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாங்க.' 'சூரியன் கிழக்கே உதிக்கும்.' எல்லாம் எதிர்கால வடிவம்! அதனால்தான் 'மை ஃபாதர் வில் வேக் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே' என்று கட்டுரையில் வருகிறது. எதிர்மறையிலும் இதே கதை. 'அவர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்' என்பது 'ஹி வில் நாட் ஈட் பீஃப்' ஆகிவிடுகிறது. படிக்கும் ஆங்கிலேயருக்கு அது ஏதோ பிடிவாதம் பிடிப்பது போலக் கேட்கும். வேண்டியது 'ஹி டஸின்ட் ஈட் பீஃப்.' தைப்பூசக் காலத்தில் "நாளைக்குக் காலையில ரதம் புறப்படும்" என்கிறோம். கால அட்டவணைப்படி நடக்கும் அதை ஆங்கிலத்தில் 'தி சேரியட் லீவ்ஸ் டுமாரோ மார்னிங்' என்று சிம்பிள் பிரசென்டிலேயே சொல்லலாம். பிள்ளைக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இந்தப் பிழைகளை நாம் 'டென்ஸ் மிஸ்டேக்' என்று ஒரே வார்த்தையில் எழுதி வட்டம் போட்டுவிடுகிறோம். அது எந்தத் தமிழ் வடிவத்திலிருந்து வந்தது என்று ஒரு முறை காட்டிவிட்டால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். 'தினமும்' என்று முன்னால் போட்டுப் பார், 'எப்போதும்' என்று போட்டுப் பார், பொருந்தினால் சிம்பிள் பிரசென்ட்.

இத்தனைக்கும் இந்தக் கருத்து நம் இலக்கணத்துக்குப் புதிதே அல்ல. மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் வினையியல் கூறுகிறது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலும் அதே விதி இருக்கிறது. மலை நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும், ஆனாலும் 'மலை நிற்கிறது' என்கிறோம். ஆங்கில ஆசிரியர் 'யுனிவர்சல் ட்ரூத்' என்று கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். தமிழாசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம் ஆங்கில வகுப்புக்குள் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

படர்க்கை ஒருமையில் வரும் 'ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. 'ஷி கோ டு ஸ்கூல்' என்று எழுதினால் தாய்மொழியின் பாதிப்பு என்று தமிழ் மேல் பழி போடுகிறோம். இது அநியாயம். தமிழ் வினைக்கு விகுதி இல்லாமல் வாழ்வே இல்லை. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போடும் பிள்ளைக்கு, ஒரே ஒரு விகுதி மட்டும் வைத்திருக்கும் மொழி கடினமா? 'ஸ்' என்பது விகுதி என்று சொல்லுங்கள். பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளை சட்டென்று பிடிக்கும். விகுதியே இல்லாதது மலாய் வினை. அதோடு தெருவில் நாம் பேசும் 'டீச்சர் சே டுமாரோ நோ கிளாஸ்' வகை ஆங்கிலத்தின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 

தமிழ் இடறும் இடம் எதிர்மறைதான். 'நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை.' 'இல்லை' யாருக்கும் மாறாது. ஆகவே 'ஹி டோன்ட் கம்' என்று வருகிறது. அதைத் திருத்தினால் பயந்துபோய் 'ஹி டஸின்ட் கம்ஸ்' என்று இரண்டு இடத்திலும் 'ஸ்' போடுகிறது. விகுதி 'டஸ்' மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, இனி வினைக்குத் தேவையில்லை என்று சொன்னால் முடிந்தது.

நகர்த்துவதா, விடுவதா?

'செட்' என்று இறந்தகாலத்தில் ஆரம்பித்த பிறகு, உள்ளே இருக்கும் சிம்பிள் பிரசென்டை என்ன செய்வது? அட்டவணை சொல்வது: நகர்த்து. ஆனால் நல்ல இலக்கண நூல்கள் எதுவும் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லவில்லை. இந்தியாவில் 1930-களில் வந்து, நம் தாத்தா காலத்து ஆசிரியர்கள் கையில் வேதமாக இருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிப் புத்தகம்தான். ஒருவர் 'ஐயோ' என்றால் அதை 'வருத்தத்துடன் வியந்து கூறினார்' என்று மாற்றச் சொல்லும் பயிற்சிகளை இன்று யாரும் வாழ்க்கையில் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் பொது உண்மையானால் காலம் மாற வேண்டியதில்லை என்ற விலக்கை அது மறைக்கவில்லை. 1985-இல் முதலில் வெளியான ரேமண்ட் மர்பியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' இன்னும் தெளிவாக, சொன்ன நிலைமை இன்னும் மாறவில்லை என்றால் வினையை மாற்றுவது கட்டாயமில்லை என்கிறது. நூலிலிருந்து பயிற்றிக்கும், பயிற்றியிலிருந்து நகலுக்கும் வரும் வழியில் அந்த விலக்கு உதிர்ந்துவிட்டது. அட்டவணைக்குள் விலக்கு அடங்காது அல்லவா?

நம் ஊர் உதாரணம் இரண்டு தருகிறேன்.

பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். நேற்று வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னார். இன்று நீங்கள் எழுதுகிறீர்கள்: 'தி டீச்சர் செட் தட் தி பிரிட்ஜ் இஸ் 13.5 கிலோமீட்டர்ஸ் லாங்.' பாலம் ராத்திரியோடு ராத்திரியாகச் சுருங்கவில்லை, 'இஸ்' இருக்கட்டும். 'வாஸ்' போட்டாலும் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது படகுத்துறைக்கு வாருங்கள். ஜோர்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் கார்களையும் ஏற்றிச் சென்றன. 2020 முடிவோடு அவை ஓய்வு பெற்றன. 2023-இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்கள் ஏறலாம், மோட்டார் சைக்கிள் ஏறலாம், கார் ஏறாது. 2015-இல் தாத்தா உங்களிடம் "ஃபெரி கார்களை ஏற்றிப் போகும்" என்று, அதாவது 'தி ஃபெரி கேரீஸ் கார்ஸ்' என்று சொல்லியிருந்தால், இன்று அதை எப்படி எழுதுவீர்கள்? 'கிராண்ட்ஃபாதர் செட் தட் தி ஃபெரி கேரீட் கார்ஸ்.' இங்கே நகர்த்தித்தான் ஆக வேண்டும். 'கேரீஸ்' என்று விட்டால், வாசகர் காரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய் ஏமாறுவார்.

இரண்டிலும் மூல வாக்கியம் சிம்பிள் பிரசென்ட்தான். முடிவு வேறு வேறு. ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'எந்த டென்ஸ்?' என்பதல்ல. 'சொன்னது இப்போதும் உண்மையா? உண்மை என்று நான் பொறுப்பேற்கிறேனா?' பொறுப்பேற்றால் நிகழ்காலத்தில் விடலாம். உண்மை மாறிவிட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். உண்மையா இல்லையா தெரியவில்லை, அவர் சொன்னார் அவ்வளவுதான் என்றால் நகர்த்துவதே நல்லது. 'ஹி செட் ஹி வாஸ் ரிச்' என்றால் அவன் பணக்காரனா என்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. தமிழில் இந்த வேலையை 'ஆம்' என்ற சொல் செய்கிறது: 'அவன் பெரிய பணக்காரனாம்.' மாணவர்களிடம் இந்த 'ஆம்' உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும், பாடமும் பதியும்.

தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

"சார், இதெல்லாம் சரி, மார்க்கு வருமா?" என்று கேட்பது காதில் விழுகிறது.

யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் எடுக்கப்பட்ட பிறகு, உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரிய மலை எஸ்.பி.எம். அதன் ஆங்கிலத் தேர்வு 2021-ஆம் ஆண்டிலிருந்து சி.இ.எஃப்.ஆர். தரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள். எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்களில் கட்டுரையோ, அறிக்கையோ, விமர்சனமோ, கதையோ எழுத வேண்டும். இங்கே யாரும் இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்று என்று கேட்பதில்லை. பிறர் சொன்னதை உங்கள் எழுத்துக்குள் இயல்பாகக் கொண்டுவரத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. பூக்கடைக்காரரைப் பேட்டி கண்ட பிள்ளை செய்தது சரியாக அந்த வேலைதான். நம் பயிற்றிகளோ இன்னும் மாற்றி எழுதும் காலத்திலேயே நிற்கின்றன.

அறிக்கைக்கும் விமர்சனத்துக்கும் ஒரு முக்கியமான குறிப்பு. எடுத்துச் சொல்லும் வினையே நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் வினை நகராது. 'தி ரைட்டர் செஸ் தட் மணி இஸ் நாட் எவ்ரிதிங்.' 'தி சார்ட் ஷோஸ் தட் மோஸ்ட் ஸ்டூடன்ஸ் வாக் டு ஸ்கூல்.' இது தமிழிலும் உண்டு. வள்ளுவர் எப்போதோ எழுதிவிட்டுப் போனார், இருந்தும் கட்டுரையில் 'வள்ளுவர் கூறுகிறார்' என்றுதான் எழுதுகிறோம். நூல் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது, அதனால் நிகழ்காலம். ஆங்கிலத்திலும் அப்படியே: 'வள்ளுவர் செஸ்'. சிம்பிள் பிரசென்ட் ஒரு பாடம், ரிப்போர்ட்டட் ஸ்பீச் பத்துப் பாடம் தள்ளி இன்னொரு பாடம் என்று பிரித்து வைத்திருப்பதால் இந்த உறவு மாணவர் கண்ணில் படுவதே இல்லை.

கதை எழுதினால் வேறு. கதை நடந்து முடிந்தது, எல்லாம் இறந்தகாலத்தில் ஓடுகிறது. அங்கே நகர்த்திவிடுங்கள்: 'ஷி செட் ஷி வாஸ் டயர்ட்.' பள்ளித் தேர்வில் நேரடியாக மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி வந்து, நகர்த்துவதா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் நகர்த்துவதே பாதுகாப்பு. 'செட்' வந்த இடத்தில் நகர்த்தியதற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் 'செஸ்' வந்திருக்கும்போது நகர்த்திவிடாதீர்கள். அவசரத்தில் படித்தால் 'செட்' போலவே கண்ணுக்குத் தெரியும், கேள்வியை இரண்டு முறை பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அடுத்த முறை கொடுக்கும்போது அதன் கீழே ஒரு வரி கையால் எழுதிக் கொடுங்கள்: 'இன்னும் உண்மையா?' அதோடு உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் அயற்கூற்றுப் பாடம் எந்த வாரம் வருகிறது என்று கேட்டு, உங்கள் பாடத்தை அதற்கு அடுத்த வாரம் வையுங்கள். பிள்ளைகள் அந்தத் தமிழ் நோட்டையே ஆங்கில வகுப்புக்கும் எடுத்து வரட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பயிற்சிக்கு, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்டு வரச் சொல்கிறேன்: இப்போது தினமும் என்ன செய்கிறீர்கள்? என் வயதில் தினமும் என்ன செய்தீர்கள்? இரண்டு பதிலையும் 'செட்' போட்டு எழுத வேண்டும். முதல் பதிலில் சிம்பிள் பிரசென்டை விடலாமா என்று முடிவு செய்ய வேண்டும், ஏன் என்று ஒரு வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் நான் மார்க்கு போடுகிறேன்.

அந்த மாணவியைக் கூப்பிட்டு, "நீ எழுதினது சரிதாம்மா" என்று சொல்லி, என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அப்போ சோல்ட்டும் சரியா சார்?" என்று கேட்டது பிள்ளை. சரிதான் என்றேன். "அங்கிள்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று சிரித்துவிட்டுப் போனது.